ஒரே புத்தகம், இரண்டு மேசை

கடல் கடந்த சொற்கள் – 11

போன கிழமை கன்டன் துறைமுகத்தில் நின்றுவிட்டோம். 1835-இல் பீற்றர் பார்க்கர் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் அங்கே கண் ஆஸ்பத்திரி திறந்தார். 1851-இல் பெஞ்சமின் ஹொப்சன் உடற்கூற்றைச் சீன மொழியில் அச்சிட்டார். கடலின் இந்தப் பக்கத்தில் அதே காலக் கதையைத் தொடக்க வாரங்களிலேயே பார்த்தாயிற்று: பண்டத்தரிப்பில் மருந்துப் பெட்டியோடு ஜோன் ஸ்கடர், வட்டுக்கோட்டை செமினரியில் வைத்தியம் சொல்லிக்கொடுத்த நேதன் வார்ட், 1847 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய இளம் மிசன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

இந்தக் கிழமை ஆட்களை விட்டுவிட்டு ஒரு புத்தகத்தைப் பின்தொடரப் போகிறோம்.

அது ஒரு சாதாரணப் பள்ளிக்கூடப் புத்தகம். எழுதியவர் டேவிட் ஏம்ஸ் வெல்ஸ், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1828-இல் பிறந்தவர். இரசாயனத்தின் தத்துவங்களையும் பயன்களையும் மாணவருக்கு விளக்கும் அந்த நூல் 1858-இல் வெளிவந்தது. வெல்ஸ் பெரிய ஆய்வாளர் ஒன்றுமில்லை. கொஞ்சக் காலத்தில் இரசாயனத்தை விட்டுப் பொருளியலுக்குத் தாவி, அமெரிக்க அரசின் வரி வருமானத்துக்கு விசேட ஆணையாளராகப் போய் அமர்ந்தார். இன்று அவரைத் தேடுகிறவர்கள் பொருளியல் அலுமாரியில்தான் தேடுகிறார்கள்.

ஆனால் அவர் விட்டுப்போன புத்தகம் கப்பலேறியது.

1871-இல் ஷாங்காயில் அது சீன மொழியில் வந்தது. ஏறக்குறைய அதே வேளையில் கன்டனில் இன்னொரு சீன மொழிபெயர்ப்பும் வந்தது. 1875-இல் அது தமிழில் வந்தது. தமிழில் அதற்குக் கிடைத்த பெயர் ‘கெமிஸ்தம்’. அந்தத் தமிழ் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், கிறீனின் மேற்பார்வையில் உருவான தமிழ்.

ஒரே மூலம். இரண்டு மொழிகள். இடையில் நாலே ஆண்டு. சீன அறிவியலின் வரலாற்றை ஆராய்கிறவர்கள் ஷாங்காய்ப் பதிப்பைச் சொல் சொல்லாக உரித்துப் பார்த்திருக்கிறார்கள். டேவிட் ரைட் என்பவர் மேலை இரசாயனம் சீனத்துக்குப் பெயர்ந்த கதையை 2000-இல் ஒரு முழு நூலாகவே எழுதினார். எங்கள் பக்கத்தில் கவிஞர் அம்பி 1967-இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுதி, பிறகும் பல்லாண்டு அந்த ஒரு மனிதரின் பின்னாலேயே நடந்தார். அந்த இரண்டு மொழிபெயர்ப்பு மேசைகளையும் இன்று அருகருகே இழுத்துப் போடுவோம்.

*

முதல் மேசை: ஷாங்காய்

ஷாங்காய் மேசையில் இரண்டு நாற்காலிகள்.

ஒன்றில் ஷு ஷோ. 1818-இல் வுஷி என்ற ஊரில் பிறந்தவர். அரச உத்தியோகத்துக்கான பரீட்சையில் தேறாமல் அந்தப் பாதையையே கைவிட்டவர். கைவேலைக்காரர், எதையும் செய்து பார்த்தால்தான் நம்புவார்.

அவரைப் பற்றி ஒரு கதை உண்டு, கட்டாயம் சொல்ல வேண்டியது. வெள்ளொளியைப் பட்டகம் ஏழு நிறமாகப் பிரிக்கும் என்று படித்தார். பட்டகத்துக்கு எங்கே போவது? தன் கையெழுத்து முத்திரையாக வைத்திருந்த பளிங்குக் கல்லை எடுத்தார். உட்கார்ந்து தேய்த்தார். முத்திரை முக்கோணப் பட்டகமாகும்வரை தேய்த்தார். படித்த சீனருக்கு முத்திரை என்பது பெயரும் மரியாதையும் என்பதை நினைத்துக்கொண்டு இதை இன்னொரு தரம் வாசியுங்கள்.

அவர் இரசாயனத்தை முதன்முதலில் அறிந்ததும் ஒரு மிசன் வைத்தியரின் புத்தகத்தில்தான். போன கிழமை பார்த்த அதே ஹொப்சன் 1855-இல் இன்னொரு நூல் எழுதியிருந்தார். காற்று, வெப்பம், ஒளி, மின் என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் நூல். அதைப் படித்துக்கொண்டே ஷு ஷோவும் நண்பர் ஹுவா ஹெங்ஃபாங்கும் வீட்டில் சோதனைகள் செய்தார்கள். தாய்ப்பிங் கிளர்ச்சியை அடக்கிக்கொண்டிருந்த தளபதி செங் குவோஃபான் இவர்களைக் கேள்விப்பட்டுத் தன்னிடம் அழைத்தார். 1865-இல் இவர்கள் கட்டிய நீராவிக் கப்பல் யாங்சி ஆற்றில் ஓடியது.

அதே 1865-இல் ஷாங்காயில் ஜியாங்னான் படைக்கலச் சாலை தொடங்கியது. துப்பாக்கியும் பீரங்கியும் கப்பலும் செய்ய எழுந்த அரச தொழிற்சாலை. அதற்குள்ளே 1868-இல் ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவும் திறக்கப்பட்டது. வெடிமருந்து செய்ய இரசாயனம் வேண்டும், இரசாயனம் கற்கப் புத்தகம் வேண்டும் என்பது கணக்கு. அரசுக்கு அறிவியல் மேல் திடீர்க் காதல் வந்துவிடவில்லை. பயம் வந்திருந்தது.

இரண்டாவது நாற்காலியில் ஜோன் ஃபிறையர். 1839-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1861-இல் ஹொங்கொங் வந்தவர். இரசாயனம் படித்துத் தேர்ந்தவரல்லர். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தானும் கற்றுக்கொண்டே போனார்.

வேலை நடந்த விதம் இது: ஃபிறையர் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து வாயால் சீனத்தில் சொல்வார். ஷு ஷோ கேட்டுத் தூரிகையால் எழுதுவார். எழுதும்போதே அது பேச்சுச் சீனத்திலிருந்து செவ்விய நடைக்கு ஏறிவிடும். ஒருவருக்கு ஆங்கிலம் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் வாய், மற்றவர் கை. பதினேழாம் நூற்றாண்டில் மத்தேயோ ரிச்சி என்ற பாதிரியாரும் ஷு குவாங்சி என்ற அறிஞரும் யூக்ளிட்டின் வடிவியலைச் சீனத்துக்குக் கொண்டுவந்ததும் இந்த முறையில்தான்.

இப்படித்தான் வெல்சின் புத்தகத்தின் கனிமப் பகுதி 1871-இல் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது.

*

இரண்டாவது மேசை: மானிப்பாய்

மானிப்பாய் மேசையில் வாயும் கையும் ஒரே உடம்பில் இருந்தன.

கிறீனின் மாணவர்களுக்கு ஆங்கிலமும் தெரியும், தமிழும் தெரியும். மொழிபெயர்ப்பின் பெரும்பங்கை அவர்களே செய்தார்கள். கிறீன் மேற்பார்த்தார், சொல்லுக்குச் சொல் நின்று திருத்தினார். டன்ஃபோர்த், எவார்ட்ஸ், சாப்மன் என்று அந்த மாணவர்களின் பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். மிசன் கொடுத்த பெயர்கள் அவை, ஆட்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்.

இது எப்படிச் சாத்தியமானது? 1823-இலிருந்து வட்டுக்கோட்டை செமினரி இருந்தது. அங்கே கணிதமும் வானியலும் ஆங்கிலத்தில் படித்தார்கள், தமிழ் இலக்கணமும் படித்தார்கள். அச்சகம் மானிப்பாயிலேயே இருந்தது. 1842-இல் அச்சான யாழ்ப்பாண அகராதிக்கு ‘மானிப்பாய் அகராதி’ என்றுதான் மறுபெயர். வைத்தியச் சொற்களுக்கும் பஞ்சமில்லை: ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ என்று யாழ்ப்பாண அரசர் பெயர் தாங்கிய வைத்திய நூல்கள் பரியாரிமார் வீடுகளில் ஏட்டில் இருந்தன. ஷாங்காயில் அரசு ஆலை கட்டித் திரட்டிய வசதி இங்கே வேறு விதமாக, வேலிக்கு வேலி சிதறிக் கிடந்தது.

ஆனால் 1855-இல் ஓர் இடி விழுந்தது.

அமெரிக்க மிசனின் தலைமைச் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் பொஸ்ரனிலிருந்து நேரே வந்து எல்லாவற்றையும் பார்த்தார். செமினரியில் படித்தவர்கள் பிரசங்கிகளாக வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், காரணம் ஆங்கிலம். அவருக்கு அப்படித்தான் பட்டது. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தார் இதை மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலக் கல்வி இந்த வறண்ட மண்ணில் கிணறு வெட்டுவதற்குச் சமம். ஒரு பிள்ளை படித்தால் ஒரு குடும்பம் தண்ணீர் குடிக்கும்.

கிறீன் 1857-இல் ஊர் திரும்பினார். 1862-இல் மணமுடித்து மறுபடி வந்தார். இடையில் அவர் அமெரிக்காவில் இருந்த காலத்தில்தான் வெல்சின் புத்தகம் அங்கே வெளிவந்தது.

1864 முதல் அவர் வைத்தியத்தை முழுக்கத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

இதை மிசன் கட்டளை என்று மட்டும் சொன்னால் கிறீனுக்கு அநியாயம். அவருக்கு இது சொந்த நம்பிக்கை. கிறிஸ்தவரான தமிழர் தமிழராகவே உடுக்க வேண்டும், தமிழராகவே உண்ண வேண்டும், வெள்ளைக்காரரைப் போலச் சப்பாத்தும் தொப்பியுமாகத் திரியக்கூடாது என்று கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதியவர் அவர். தமிழில் படித்த வைத்தியன் கிராமத்தில் தங்குவான், ஆங்கிலத்தில் படித்தவன் கொழும்புக்கும் கடல் கடந்தும் போய்விடுவான் என்பது அவர் கணக்கு. கணக்குச் சரிதான். தங்குவதற்கு விருப்பமா என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டாரா என்பது என் குறுக்குக் கேள்வி.

பிறகு புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1867-இல் அறுவை வைத்தியத்துக்கு ‘இரண வைத்தியம்’. 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’. அது என்ன நூல் தெரியுமா? இன்றும் வைத்திய மாணவர் தலையணையாக வைத்துத் தூங்குகிற, ஹென்றி கிறே 1858-இல் எழுதிய உடற்கூற்று நூல்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அதே கிறேயின் நூலைச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபூசோ நகரில் வேலை செய்த டோஃபின் ஒஸ்கூட். அவரையும் அனுப்பியது கிறீனை அனுப்பிய அதே அமெரிக்க மிசன் சங்கம். வேலையை முடித்த கையோடு 1880-இல் அவர் இறந்துபோனார். நூல் 1881-இல் வந்தது. தமிழில் வந்து ஒன்பது ஆண்டு கழித்து.

பேரரசு ஒன்றின் மொழியைவிட மானிப்பாய் ஒன்பது வருடம் முந்திக்கொண்டது. இதைப் படித்து நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், கதை முடியவில்லை.

*

முட்டுப்பட்ட இடம்

இனிச் சொல்லுக்கு வருவோம். இரண்டு மேசைகளும் ஒரே இடத்தில்தான் முட்டுப்பட்டன.

பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம், இரசம், கந்தகம். இவற்றில் சிக்கல் இல்லை. தட்டானிடமும் பரியாரியிடமும் கேட்டால் சொல்வார்கள். சீனத்திலும் அப்படித்தான். ஆனால் வெல்சின் புத்தகத்தில் அறுபதுக்கு மேற்பட்ட தனிமங்கள் இருக்கின்றன. சோடியத்தையும் பொற்றாசியத்தையும் ஹம்ஃப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தெடுத்ததே 1807-இல்தான். எந்தத் தட்டான் கண்டான்? எந்தச் சித்தர் பாடினார்?

ஷாங்காயில் ஃபிறையரும் ஷு ஷோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சீன எழுத்தில் ஒரு பாதி பொருளைக் காட்டும், மறு பாதி ஒலியைக் காட்டும். மீன் பெயர்களில் மீன் குறி, மரப் பெயர்களில் மரக் குறி. சரி, புது உலோகங்களுக்கு உலோகக் குறியை இடப்பக்கம் போடுவோம். வலப்பக்கம் மேலைப் பெயரின் ஓர் அசையைத் தருகிற எழுத்தைப் போடுவோம்.

மக்னீசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் உலோகக் குறி. வலப்பக்கம் ‘மெய்’ என்று ஒலிக்கும் எழுத்து. தனியே நின்றால் அதற்கு ‘அழகு’ என்று பொருள். சேர்த்தால் ‘மெய்’ என்ற பெயருள்ள ஓர் உலோகம். சோடியத்துக்கு நேற்றியம் என்ற இலத்தீன் பெயரின் ‘நா’. பொற்றாசியத்துக்குக் கேலியம் என்ற பெயரின் முதலசை. ஒரே எழுத்து, ஒரே அசை. எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது உலோகம் என்று எந்தச் சீனப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும், வாசிக்கத் தெரியாவிட்டாலும்.

வாயுக்களுக்கு ஹொப்சன் காலத்துப் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். ஐதரசன் ‘லேசான வளி’. நைதரசன் ‘நீர்த்த வளி’. ஒட்சிசன் ‘ஊட்டும் வளி’. உயிரை வளர்ப்பது என்ற பொருளில்.

ஊட்டும் வளி! தமிழ்நாட்டில் தனித்தமிழ் அன்பர்கள் பின்னாளில் ‘உயிர்வளி’ என்றபோது, கன்டனில் ஒரு வைத்தியர் 1855-இலேயே அதே நினைவில் நடந்திருக்கிறார் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மானிப்பாய்க்கு இந்த வசதி இல்லை. தமிழில் எழுத்தைக் கட்ட முடியாது. இருக்கிற எழுத்துக்குள்தான் நின்று ஆட வேண்டும். கிறீன் தனக்கென்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழுக்கு ஏற்றவாறு மாற்றி எடு. சேர்ந்த சொற்களைப் பட்டியல்களாகத் தனியே அச்சிட்டும் வைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஃபிறையர் 1880-இல் தங்கள் முறையை விளக்கி எழுதியபோது சொன்ன ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே: பழைய நூல்களில் தேடு; வியாபாரியிடமும் தொழிலாளியிடமும் கேள்; இல்லையென்றால் புதிதாகக் கட்டு; எல்லாவற்றையும் பட்டியல் போடு.

ஒழுங்கு ஒன்று. விளைச்சல் வேறு.

‘கெமிஸ்தம்’ என்ற சொல்லை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஏன் ‘கெமிஸ்ட்ரி’ இல்லை? ‘ரி’ என்று முடிந்தால் அது தமிழில் விருந்தாளியாகவே நிற்கும். ‘அம்’ என்று முடிந்தால் கணிதம், சோதிடம், வைத்தியம் என்ற வரிசையில் வந்து குந்திவிடும். வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்: கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில், கெமிஸ்தத்துக்கு. கணிதத்துக்கு வருகிற அதே ‘அத்து’ சாரியை இதற்கும் வருகிறது. சீனம் தலையில் முத்திரை குத்தியது என்றால் தமிழ் வாலில் ஒட்டு வைத்தது. வடசொல்லை எடுக்கும்போது வடவெழுத்தை விலக்கு என்று தொல்காப்பியர் சொன்ன வழி. ஆனால் இவர்கள் ‘ஸ்’ ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கிரந்தம் வேண்டாம் என்பது அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தின் கவலை ஆகவில்லை.

‘இரசவாதம்’ என்று ஏன் வைக்கவில்லை? ஊகம்தான், என்னுடையது: இரசவாதம் என்றால் செம்பைப் பொன்னாக்குகிற வித்தை. அந்தப் பெயரில் ஒரு பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் பாதி ஊர் உலையோடு வந்து நிற்கும். சீனர்களும் தங்கள் பழைய பொன்மருந்துக் கலையின் பெயரைத் தொடவில்லை. ‘ஹுவாஷுவே’, அதாவது ‘மாற்றத்தின் கல்வி’ என்ற புதிய பெயரை 1850களில் எடுத்து இன்றுவரை வைத்திருக்கிறார்கள்.

*

ஓர் இடைச்செருகல்.

நான் இரசாயனம் படித்தது யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆய்கூடத்தில். சோதனைக் குழாயில் வாயு சேர்த்து, தணற்குச்சியை உள்ளே விட்டால் குப்பென்று சுவாலை விடும். “சேர், ஒட்சிசன்!” என்று கத்துவோம். பல வருடம் கழித்துச் சென்னையில் வளர்ந்த மச்சாள் ஒருத்தியிடம் இதைச் சொன்னேன்.

“ஒட்சிசனா? ஏன் அத்தான், மூக்கடைப்பா? ஆக்ஸிஜன்னு சொல்ல வராதா?”

“சொல்ல வரும். ஜ இல்லாமல் எழுதிக் காட்டு பாப்பம்.”

எழுதிப் பார்த்தாள். “ஆக்சிசன்... ஐயே, உங்களுதே பரவாயில்ல.”

ஒட்சிசன் நேரே கிறீனின் மேசையிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இப்போதைய பாடப்புத்தகச் சொற்கள் 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் கூட்டிய சொற்குழுக்களின் வேலை. ஆனால் அந்தக் காதும் கையும் பழையவை. பிறமொழிச் சொல்லைக் கூப்பிட்டு வந்து, கால் கழுவச் செய்து, தமிழ் முடிவு கொடுத்து உட்கார வைக்கிற அந்தப் பழக்கம் இந்தத் தீபகற்பத்தில் ‘கெமிஸ்தம்’ வந்த நாளிலிருந்தே உண்டு.

*

மேசைக்கு அப்பால்

இதுவரை இரண்டு மேசைகளும் சமம். இனித்தான் பாதை பிரிகிறது.

ஷாங்காயில் எல்லாம் பட்டுப்போல நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். புத்தகம் வந்தது, வாங்க ஆளில்லை. அரச பரீட்சையில் இரசாயனத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. பரீட்சையில் வராததை எந்தப் பிள்ளை படிக்கும்? ஃபிறையரும் ஷு ஷோவும் சோர்ந்து போகவில்லை. 1876-இல் ஷாங்காயில் அறிவியல் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள், அதே ஆண்டு ஒரு சஞ்சிகையும் தொடங்கினார்கள். ஷு ஷோ தன் பழைய வழியிலேயே போனார்: திறந்த குழாயில் ஒலி எப்படி எழுகிறது என்று தானே ஊதிப் பார்த்து, மேலைப் பாடநூலின் விதி சரிப்படவில்லை என்று கண்டார். 1881-இல் லண்டனின் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. பட்டகத்துக்கு முத்திரையைத் தேய்த்த கை.

வாசகர் வரும்வரை காத்திருக்க அவர்களுக்கு ஆலை இருந்தது, சம்பளம் இருந்தது. முடிவில் வாசகர் வந்தார்கள். இன்று சீனத்தில் எந்த வகுப்பறைச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையிலும் ‘மெய்’ இருக்கிறது, ‘நா’ இருக்கிறது. ஊட்டும் வளி மட்டும் பின்னாளில் சுருங்கி, வாயுக் குறி தாங்கிய ஒற்றை எழுத்தானது.

மானிப்பாயில்?

1870-இல் கொழும்பில் அரசாங்கம் வைத்தியப் பள்ளி திறந்தது. மொழி ஆங்கிலம். அங்கே தேறினால் அரச ஆஸ்பத்திரி, மாதச் சம்பளம், ஓய்வூதியம்.

1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ தமிழில் வந்த அதே ஆண்டு, வட்டுக்கோட்டையில் மூடிக்கிடந்த செமினரியின் இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஊரார் கேட்டு வாங்கிய கல்லூரி. ஆங்கிலத்துக்காகக் கேட்டு வாங்கியது.

ஒரு கையில் தமிழில் கிறே. மறு கையில் ஆங்கிலக் கல்லூரியின் அத்திவாரக் கல். ஒரே வருடம், இடையில் சில மைல்.

கிறீன் ஊராரோடு சண்டை பிடித்தாரா? உடம்பு இடம் தரவில்லை. இருபது வருட வெயிலும் வாந்திபேதிக் காலங்களும் ஆளை அரித்திருந்தன. 1873-இல் அவர் மனைவி பிள்ளைகளோடு கப்பலேறினார். அதுவரை அவர் உருவாக்கிய வைத்தியர்கள் அறுபதுக்கு மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். அவர் கைபட்ட தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் கூட்டினால் நாலாயிரத்துக்கு மேல்.

ஊர் போனவர் வேலையை விடவில்லை. வூஸ்டர் நகரத்தின் ‘கிறீன் ஹில்’ வீட்டில் உட்கார்ந்து தமிழ்த் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அண்ணன் அன்ட்ரூ நியூயோர்க்கில் சென்ட்ரல் பார்க்கைக் கட்டிய ஆணையாளர்களில் ஒருவர். தம்பி பனிக்காலத்து வூஸ்டரில் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் தமிழ் பார்த்துக்கொண்டிருந்தார். 1883-இல் உடலியங்கியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ வந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே மாதம், அவர் காலமானார். தமிழருக்கான வைத்திய ஊழியர் என்று கல்லறையில் எழுதச் சொல்லியிருந்தார், எழுதினார்கள்.

ஷு ஷோ இறந்ததும் அதே 1884-இல்தான். வெல்சின் பக்கங்களைச் சீனத்திலும் தமிழிலும் ஏற்றிய இந்த இரண்டு மனிதர்களும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை.

ஆனால் நாம் 1884-க்கு ஓடிவிட்டோம். ஒன்பது வருடம் பின்னே வர வேண்டும்.

1875. ‘கெமிஸ்தம்’ அச்சிலிருந்து வருகிறது. ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும் தடித்த புத்தகம். மை காயாத தாள், தைத்த முதுகு, உள்ளே தமிழ்ப்பெயர் தேடித் தேடி இளைத்தவர்களின் உழைப்பு. கிறீன் கடலுக்கு அப்பால். கொழும்புப் பள்ளிக்கு ஐந்து வயது, யாழ்ப்பாணக் கல்லூரிக்கு மூன்று. மானிப்பாய் ஆஸ்பத்திரி வளவில் அவர் விட்டுப்போன வகுப்பறை திறந்துதான் இருக்கிறது.

அந்த வாங்குகளில் யார் வந்து குந்தினார்கள்? தமிழில் பரீட்சை எழுதிப் பத்திரம் வாங்கிய ஒரு வைத்தியன், ஆங்கிலம் கேட்கிற அரச ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டியபோது உள்ளே இருந்து என்ன பதில் வந்தது?

(தொடரும்)